1440-ஆ 1920-ஆ: எச்டி கேமராவில் படத்தின் தரம் எங்கே முடிவாகிறது

முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆவணப்படமும் மேடை நிகழ்ச்சிகளும் எடுக்கத் தொடங்கியிருக்கும் ஒருவர், பழைய தொழில்முறை எச்டி கேமரா ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கப் பார்க்கிறார். மூன்று கேமராக்கள் கண்ணில் பட்டிருக்கின்றன. சோனி எச்விஆர்-இசட்1 டேப்பில் 1440×1080 பதிவு செய்வது. சோனி பிஎம்டபிள்யூ-இஎக்ஸ்1 கார்டில் 1920×1080, விநாடிக்கு 35 மெகாபிட். கேனான் எக்ஸ்எஃப்305 அதே 1920×1080, ஆனால் 50 மெகாபிட், நிறம் 4:2:2 (ஒவ்வொரு வரியிலும் நிற மாதிரிகள் பாதி; 4:2:0 என்றால் வரிகளின் எண்ணிக்கையும் பாதியாகும்). "1440 என்றால் முழு எச்டியே இல்லையாமே? 1920 என்று இருக்கிற மற்ற இரண்டும் ஒன்றுதானே, எது விலை குறைவோ அதை வாங்கிக்கொள்ளலாமா?" என்று கேட்கிறார்.

நேரடியாகச் சொல்கிறேன். பதிவாகும் பிக்சல் எண்ணிக்கையை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஃபைலில் 1920×1080 என்று இருப்பது, அத்தனை புள்ளிகளுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறது என்பதை மட்டும்தான் சொல்கிறது. அந்த இடத்தில் உண்மையான விவரம் வந்து உட்கார்ந்ததா என்பதை லென்ஸ், சென்சாரின் அளவு, அதைப் படிக்கும் முறை, உள்ளே நடக்கும் செயலாக்கம், கடைசியாகப் படத்தைச் சுருக்கிப் பதிவு செய்யும் கோடெக் என்று வரிசையாக எல்லாமும் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன. இவற்றில் எது மிக மோசமோ அதுதான் உங்கள் படத்தின் தரம். ஒரு கேமராவைப் பார்க்கும்போது நான் பிக்சல் எண்ணிக்கையைக் கடைசியாகத்தான் பார்ப்பேன்.

1440 என்ற எண்ணுக்கு ஏன் இவ்வளவு கெட்ட பெயர் என்று புரியவில்லை. 1997-இல் சோனி கொண்டுவந்த எச்டிகேம் டேப் வடிவம் 1440×1080-தான். அந்த வரிசையில் வந்த எச்டிடபிள்யூ-எஃப்900 கேமராவில் 2/3 அங்குல சென்சார்கள் மூன்று, ஒவ்வொன்றும் 1920×1080. ஆனால் டேப்புக்குப் போகும்போது கிடைமட்டமாக 1440-ஆகக் குறைத்து, நிறத்தை இன்னும் குறைத்து ஒரு வரிக்கு 480 மாதிரிகள் வீதம், 8 பிட்டில் பதிவாகும். காகிதத்தில் பார்த்தால் இன்றைய கைப்பேசிக்குக்கூட ஈடாகாது. அந்தக் கேமராவில்தான் ஸ்டார் வார்ஸ் வரிசையின் இரண்டாம் பாகத்தை எடுத்து 2002-இல் தியேட்டர் திரையில் ஓட்டினார்கள். பானசோனிக்கின் டிவிசிப்ரோ எச்டி இன்னும் ஒரு படி கீழே: 50 ஹெர்ட்ஸ் நாடுகளில் 1440×1080, 60 ஹெர்ட்ஸ் நாடுகளில் 1280×1080, 720 வரிப் படம் என்றால் 960×720 மட்டும்தான். அதையும் தொலைக்காட்சி நிறுவனங்கள் பல ஆண்டுகள் தயக்கமில்லாமல் பயன்படுத்தின.

ஏன் அப்படிக் குறைத்தார்கள்? டேப்பில் இடமில்லை. 1920×1080 படத்தை 4:2:2 நிறத்தோடு, 8 பிட்டில், விநாடிக்கு 25 பிரேம் என்று சுருக்காமல் பதிவு செய்தால் விநாடிக்கு 830 மெகாபிட் தேவை. எச்டிகேமுக்குக் கிடைத்தது சுமார் 140 மெகாபிட். இந்தக் கட்டத்தில் பொறியாளர்களுக்கு இரண்டு வழிகள் இருந்தன. 1920-ஐ அப்படியே வைத்துக்கொண்டு அதிகமாக அமுக்கலாம், இல்லையென்றால் முதலில் பிக்சலைக் கொஞ்சம் குறைத்துவிட்டு மிதமாக அமுக்கலாம். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். நல்ல முடிவு என்றுதான் நான் நினைக்கிறேன். ஏனென்றால் 1440-க்கும் 1920-க்கும் இடையில் இருப்பது மிக மிக நுண்ணிய விவரம், அந்த நுண்மையில் லென்ஸ் கொடுக்கும் கான்ட்ராஸ்டே சொற்பம். கண்ணுக்கு அரைகுறையாகத் தெரிவதை விட்டுக்கொடுத்து, கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற அமுக்கல் பிசிறுகளைத் தவிர்த்தார்கள்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தெளிவை அளக்க டிவி லைன் என்ற அளவு உண்டு. படத்தின் உயரத்துக்குச் சமமான அகலத்தில் எத்தனை கறுப்பு வெள்ளைக் கோடுகளைப் பிரித்துப் பார்க்க முடிகிறது என்பதுதான் அது. 1920 பிக்சலால் அதிகபட்சம் 1080 லைன், 1440 பிக்சலால் 810 லைன். ஆனால் "அதிகபட்சம் எவ்வளவு" என்ற கேள்வியே பாதிதான் உதவும். 1000 லைனில் கோடுகள் சாம்பல் மேல் சாம்பலாக மங்கலாகத் தெரிந்தாலும் சார்ட்டைப் படிப்பவர் "தெரிகிறது" என்று குறித்துவிடுவார். பார்வையாளரின் கண்ணுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. 400, 500, 600 லைன் அளவில் கோடுகள் எவ்வளவு கறுப்பாகவும் எவ்வளவு வெள்ளையாகவும் நிற்கின்றன என்பதுதான் "ஆகா, படம் கூர்மையாக இருக்கிறதே" என்ற உணர்வைத் தருகிறது. ஆர்சிஏ நிறுவனத்தில் வேலை பார்த்த பொறியாளர் ஓட்டோ ஷேட் இதை 1950-களிலேயே அளந்து எழுதிவைத்துவிட்டார். எல்லைப் புள்ளியை மட்டும் பார்க்காமல், அதுவரையிலான மொத்த கான்ட்ராஸ்ட் வளைவையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது அவர் காட்டிய வழி. நல்ல லென்ஸோடு இருக்கும் 1440 கேமரா, சுமாரான லென்ஸோடு இருக்கும் 1920 கேமராவைவிடக் கூர்மையாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

சரி, அப்படியென்றால் உங்கள் பட்டியலில் இருக்கும் இசட்1-உம் 1440-தானே, அதுவும் எச்டிகேம் மாதிரிதானா என்றால், இல்லவே இல்லை. இசட்1 எச்டிவி (HDV) என்ற டேப் வடிவத்தில் பதிவு செய்கிறது. அதன் சென்சார்கள் 1/3 அங்குலம், சிசிடி என்ற வகையில் மூன்று, ஒவ்வொன்றிலும் 960×1080 பிக்சல்தான். பச்சை சென்சாரை மற்ற இரண்டிலிருந்து அரை பிக்சல் தள்ளி ஒட்டி, அந்த வித்தியாசத்திலிருந்து கிடைமட்ட விவரத்தைக் கொஞ்சம் மீட்டெடுக்கிறார்கள். இது ஏமாற்று இல்லை, நன்றாகவே வேலை செய்யும் முறை. ஆனால் முழு 1440-க்கு உரிய விவரம் அதிலிருந்து வந்துவிடாது. பானசோனிக் எச்விஎக்ஸ்200 இதே முறையை இன்னும் தூரம் இழுத்தது: 960×540 சிசிடி மூன்றை வைத்துக்கொண்டு 1080 வரிப் படம் எழுதியது. அதன் நிறமும் அசைவும் அழகு, நிறைய பேர் அதை விரும்பியதற்கு நியாயம் இருக்கிறது. ஆனால் நுண்ணிய விவரத்தில் அது பின்தங்கியே இருந்தது, அந்த ஃபைலில் என்ன எண் எழுதியிருந்தாலும் சரி.

இப்போது லென்ஸும் சென்சார் அளவும். இதை நீட்டித்தான் சொல்லப் போகிறேன், ஏனென்றால் கேமரா வாங்குபவர்கள் அதிகம் கோட்டைவிடும் இடம் இது.

2/3 அங்குல சென்சாரின் அகலம் 9.6 மில்லிமீட்டர் (அங்குலம் என்பது வெறும் பெயர்தான், உண்மையான அளவு இல்லை). அதில் 1920 பிக்சலை அடுக்கினால் ஒரு பிக்சல் 5 மைக்ரான். 1/2 அங்குலத்தில் சுமார் 3.6 மைக்ரான். 1/3 அங்குலத்தில் 2.7 மைக்ரான். இந்த நுண்மைக்கு லென்ஸ் ஈடுகொடுக்க வேண்டும் என்றால், 2/3-இல் ஒரு மில்லிமீட்டருக்கு 100 கோட்டு ஜோடிகளைத் (ஒரு கறுப்பு, ஒரு வெள்ளை) தீட்ட வேண்டும், 1/3-இல் 184 ஜோடிகளை. அதாவது சென்சார் சிறிதாக ஆக, லென்ஸ் இன்னும் தரமானதாக இருக்க வேண்டும். விலை குறைந்த சிறிய கேமராவில் நடப்பது நேர்மாறு. பதினெட்டு மடங்கு இருபது மடங்கு ஜூம் வேண்டும், எடை குறைவாக வேண்டும், விலையும் இறங்க வேண்டும் என்றால் எங்கேயோ விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும். பெரும்பாலும் அது ஜூமின் கடைசி முனையிலும் படத்தின் மூலைகளிலும் தெரியும்.

இதைவிடக் கண்டிப்பானது டிஃப்ராக்ஷன். பள்ளி இயற்பியலில் விளிம்பு விளைவு என்று படித்திருப்போமே, அதேதான். லென்ஸுக்குள் ஒளி நுழையும் துவாரமான ஐரிஸை இறுக்க இறுக்க ஒளிப்புள்ளி பரந்துகொண்டே போகும். எவ்வளவு விலை கொடுத்த லென்ஸாலும் இதை மீற முடியாது. கணக்கைப் பாருங்கள். எஃப் எண் கூடக் கூட ஐரிஸ் சிறிதாகும். எஃப் 8-இல் பச்சை ஒளிக்கு, குறையே இல்லாத ஒரு லென்ஸ்கூட ஒரு மில்லிமீட்டருக்கு சுமார் 227 கோட்டு ஜோடிகளுக்கு மேல் எதையும் கடத்தாது. 2/3 அங்குலக் கேமராவுக்குத் தேவையான 100 ஜோடியில் அப்போது ஏறக்குறைய 46 சதவீத கான்ட்ராஸ்ட் மிஞ்சும், போதும். 1/2 அங்குலத்தில் 28 சதவீதம். 1/3 அங்குலத்துக்குத் தேவையான 184 ஜோடியில் பத்து சதவீதம்தான் மிஞ்சும். அதையே எஃப் 11-க்குக் கொண்டுபோனால் 1/3 அங்குலத்தில் அந்த நுண்மையில் சுத்தமாக ஒன்றும் வராது, பூஜ்யம். வெயில் கொளுத்தும் மதியத்தில் ஆட்டோ ஐரிஸில் விட்டுவிட்டு எடுத்தால் கேமரா தானாகவே எஃப் 8, எஃப் 11 என்று போய்விடும். 1920×1080 ஃபைல்தான் கிடைக்கும், ஆனால் அதில் இருக்கும் விவரம் அதில் பாதிகூட இருக்காது. பிறகு "என் கேமரா வெளியில் எடுத்தால் மங்கலாக இருக்கிறதே" என்று ஃபோகஸைக் குறை சொல்வோம்.

தீர்வு எளிது. 1/3 அங்குலக் கேமராவில் எஃப் 4-ஐ ஒட்டியே இருங்கள், எஃப் 5.6-ஐத் தாண்டாதீர்கள். வெளிச்சம் அதிகமென்றால் கேமராவுக்குள்ளேயே இருக்கும், ஒளியை மட்டும் குறைக்கும் என்டி ஃபில்டரைப் போடுங்கள், அது இதற்காகத்தான் இருக்கிறது. எதிர்ப்பக்கமும் உண்டு: ஐரிஸை முழுக்கத் திறந்துவைத்தால் லென்ஸின் மற்ற குறைகள் தலைகாட்டும். ஆகவே சிறிய கேமராவில் நல்ல படம் தரும் ஐரிஸ் இடைவெளி மிகக் குறுகியது, இரண்டு ஸ்டாப்தான். 2/3 அங்குலக் கேமராவில் அதே இடைவெளி தாராளமாக இருக்கும். பெரிய கேமராவைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு அலைந்தவர்கள் அதற்காகத்தான் அலைந்தார்கள்.

சென்சாரை எப்படிப் படிக்கிறார்கள் என்பது அடுத்தது. மூன்று சிப் கேமராவில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனி சென்சார், ஆகவே 1920 என்றால் மூன்று நிறத்திலும் 1920. ஒற்றைச் சிப் கேமராவில் பிக்சல்களின் மேல் நிறச் சல்லடை இருக்கும், பாதி பிக்சல் பச்சை, கால் சிவப்பு, கால் நீலம். மற்றதைக் கணக்குப் போட்டு நிரப்ப வேண்டும். அப்படி நிரப்பிய பிறகு எழுதியிருக்கும் பிக்சல் எண்ணிக்கையில் 70 முதல் 80 சதவீதம் அளவுக்குத்தான் தெளிவு தேறும் என்பது பொதுவான அனுபவம். அதனால்தான் 2010-இல் வந்த ஆரி அலெக்ஸா, எச்டி படம் பதிவு செய்ய 2880×1620 பிக்சல் பரப்பைப் படித்து அதை 1920×1080-ஆகச் சுருக்கியது. அதன் பிறகு வந்த கேனான் சி300 வேறு வழியில் அதே இடத்துக்குப் போனது: 3840×2160 சென்சாரில் ஒவ்வொரு நான்கு பிக்சல் கட்டத்தையும், ஒரு சிவப்பு, இரண்டு பச்சை, ஒரு நீலம், ஒரே எச்டி பிக்சலாக எடுத்துக்கொண்டது. கணக்குப் போட்டு நிரப்பும் வேலையே இல்லை. இந்த இரண்டு கேமராக்களின் எச்டி படத்தை இன்று எடுத்துப் போட்டாலும் மலிவான பல 4கே ஃபைல்களுக்குப் பக்கத்தில் கம்பீரமாக நிற்கும்.

நேர்மாறான உதாரணம் 2008-இல் வந்த கேனான் 5டி மார்க் 2. இரண்டு கோடிக்கும் மேற்பட்ட பிக்சல், பெரிய சென்சார், அருமையான லென்ஸ்கள், பின்னணி மங்கிப்போகும் அந்த அழகுக்காகவே எல்லோரும் வாங்கினார்கள். ஆனால் வீடியோவில் அத்தனை பிக்சலையும் படிக்க அதற்கு நேரம் கிடையாது. வரிகளைத் தாண்டித் தாண்டிப் படித்தது. விட்டுப்போன வரிகளில் இருந்த விவரம் பொய்யான அலைகளாகத் திரும்பி வரும். ஓட்டுக்கூரை, செங்கல் சுவர், பொடிக் கட்டம் போட்ட சேலை, எதை எடுத்தாலும் அதன் மேல் வானவில் நிறத்தில் வரிவரியாக ஊரும். இது ஒருமுறை பதிவாகிவிட்டால் எடிட்டில் எடுக்க முடியாது. மங்கலான படத்தைக்கூட ஏதாவது செய்து தேற்றலாம், பொய்யான விவரத்தை ஒன்றும் செய்ய முடியாது, கோடெக்கும் அதை உண்மையான விவரம் என்று நினைத்து அதற்கே பிட்டுகளைச் செலவழிக்கும். பிபிசி ஆராய்ச்சிப் பிரிவில் இருந்த ஆலன் ராபர்ட்ஸ் கேமராக்களைச் சோதிக்க வட்ட வட்டமாக நுண்மை கூடிக்கொண்டே போகும் ஜோன் பிளேட் சார்ட்டைப் பயன்படுத்தியது இதற்காகத்தான். கேமரா எங்கே உண்மை சொல்கிறது, எங்கே பொய் சொல்லத் தொடங்குகிறது என்பது அதில் ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

இன்டர்லேஸ் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இசட்1 மாதிரியான கேமராக்கள் 1080 வரியை இரண்டு பாதியாகப் பிரித்து ஒற்றை வரிகள், இரட்டை வரிகள் என்று மாற்றி மாற்றி எடுக்கும். மெல்லிய படுக்கைக் கோடுகள் துடிக்காமல் இருக்க, பக்கத்துப் பக்கத்து வரிகளைக் கேமராவே கலந்து மங்கலாக்கிவிடும். ஆகவே செங்குத்தாக 1080-க்கு உரிய தெளிவு கிடைக்காது, சுமார் 70 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு உங்கள் படத்தைப் பார்க்கப்போவது கணினியிலும் கைப்பேசியிலும் என்பதால் இன்டர்லேஸில் எடுக்கவே வேண்டாம். 25 பி அல்லது கேமரா கொடுத்தால் 720-இல் 50 பி (பி என்றால் ப்ரோக்ரெசிவ், பாதியாகப் பிரிக்காமல் முழுப் பிரேமாக எடுப்பது; ஐ என்றால் இன்டர்லேஸ்). ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியம் 2004-லேயே ஒளிபரப்புக்கு 1080 ஐ-யைவிட 720 பி 50 மேல் என்று பரிந்துரைத்தது, விளையாட்டு, நடனம் மாதிரி அசைவு அதிகமுள்ளவற்றில் அது சரிதான் என்று பார்த்தவுடன் தெரியும்.

கடைசியாகக் கோடெக்குக்கு வருகிறேன். இங்கேதான் உங்கள் பட்டியலின் 35-உம் 50-உம் வேறுபடுகின்றன.

பதிவாகும் பிக்சல்களையும் நிற மாதிரிகளையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், எச்டிவி தன் 1440 படத்தை சுமார் பத்தொன்பதில் ஒரு பங்காக அமுக்குகிறது. இஎக்ஸ்1 பதினெட்டில் ஒரு பங்கு, எக்ஸ்எஃப்305 பதினாறு பதினேழில் ஒரு பங்கு. எச்டிகேம் நான்கில் ஒரு பங்கை ஒட்டி. 1440 என்று ஒரே எண் இருந்தாலும் எச்டிகேமுக்கும் எச்டிவிக்கும் இருக்கும் தூரம் இப்போது புரியும். இன்னொன்று, எச்டிகேம் ஒவ்வொரு பிரேமையும் தனியாக அமுக்கும். உங்கள் மூன்று கேமராக்களும் பிரேம்களைக் கூட்டமாகச் சேர்த்து, ஒன்றை முழுதாகவும் மற்றவற்றில் மாற்றத்தை மட்டும் எழுதும் முறை. நேர்காணலில் இது பிரமாதமாக வேலை செய்யும், ஏனென்றால் முகத்தைத் தவிர ஒன்றும் அசையாது. கற்பூர ஆரத்திப் புகை, மழை, அலை, காற்றில் ஆடும் தென்னங்கீற்று, மேடையில் பளிச் பளிச்சென்று மாறும் விளக்குகள் என்று வந்தால் ஒவ்வொரு பிரேமும் புதிது, பிட் போதாது, கட்டம் கட்டமாக உடையும். எச்டிவியின் 25 மெகாபிட் இங்கே வெளிப்படையாகத் தோற்கும். 35 பெரும்பாலும் சமாளிக்கும். 50 இன்னும் கொஞ்சம் நிம்மதி.

நிறத்தைப் பொறுத்தவரை 4:2:0-க்கும் 4:2:2-க்கும் ப்ரோக்ரெசிவில் பார்வைக்குப் பெரிய வித்தியாசம் இராது. இன்டர்லேஸில் இருக்கும். 4:2:0-வில் 1080 வரிக்கு நிறம் 540 வரிதான், அதை இரண்டு பாதியாகப் பிரித்தால் ஒவ்வொரு பாதிக்கும் 270. சிவப்புச் சேலையின் ஓரம், நியான் எழுத்து இவையெல்லாம் படிக்கட்டு மாதிரி வெட்டுப்படும். பச்சைத் திரை வைத்து எடுத்துப் பின்னணி மாற்றும் எண்ணம் இருந்தால் 4:2:2 கட்டாயம். இல்லையென்றால் இதற்காக மட்டும் கேமராவை மாற்ற வேண்டியதில்லை.

8 பிட்டா 10 பிட்டா என்பது நிற மாற்றத்தின் வழவழப்பைப் பற்றியது. 8 பிட்டில் கறுப்பிலிருந்து வெள்ளை வரை 220 படிகள், 10 பிட்டில் 877. அந்தி வானம், ஒரே நிறச் சுவர் இவற்றை எடுத்து எடிட்டில் கான்ட்ராஸ்டை ஏற்றினால் 8 பிட்டில் பட்டை பட்டையாகப் பிரியும். ஏவிசி-இன்ட்ரா 100 மாதிரியான வடிவங்கள் இதற்காகத்தான் மதிப்பு பெற்றன: 1920×1080, 10 பிட், 4:2:2, ஒவ்வொரு பிரேமும் தனி. அதன் தம்பியான ஏவிசி-இன்ட்ரா 50, பிட்டைப் பாதியாக்க 10 பிட்டை வைத்துக்கொண்டு மறுபடி 1440-க்கும் 4:2:0-க்கும் இறங்கியது. மறுபடியும் அதே 1440! ஆனால் உங்கள் மூன்று கேமராவும் 8 பிட்தான் பதிவு செய்கின்றன, ஆகவே எடுக்கும்போதே வெளிச்சத்தையும் வெள்ளைச் சமநிலையையும் சரியாக வைத்துவிடுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எதையும் தள்ளிப்போடாதீர்கள்.

கோடெக்கை உண்மையில் கொல்வது கெய்ன், அதாவது வெளிச்சம் போதாதபோது சிக்னலை மின்னணு முறையில் ஏற்றுவது. இருட்டில் 12 டெசிபெல், 18 டெசிபெல் என்று ஏற்றினால் படம் முழுக்கப் புள்ளிகள் கொதிக்கும். அந்தப் புள்ளிகள் பிரேமுக்குப் பிரேம் மாறுவதால் கோடெக்குக்கு அவை எல்லாம் புது விவரம். பிட்டுகளை அங்கே கொட்டிவிட்டு முகத்துக்கு மிச்சம் வைக்காது. இரவு நிகழ்ச்சி நிறைய எடுப்பீர்கள் என்றால் பெரிய சென்சாரின் மதிப்பு இங்கே இரட்டிப்பாகிறது: ஒளி அதிகம் பிடிப்பதால் கெய்ன் குறைவு, கெய்ன் குறைவதால் அதே 35 மெகாபிட்டில் படம் சுத்தம்.

கேமராவுக்குள் டீடெயில் என்றொரு அமைப்பு இருக்கும். பொருள்களின் ஓரத்தில் கறுப்பு வெள்ளை விளிம்பு கட்டிப் போலிக் கூர்மை தருவது அது. கம்பெனியிலிருந்து வரும்போது பெரும்பாலும் அதிகமாகவே வைத்திருப்பார்கள், பெரிய டிவியில் பார்த்தால் முடி ஓரத்திலும் தோள் ஓரத்திலும் வெள்ளைக் கோடு தெரியும். நிறைய பேர் "பழைய வீடியோ மாதிரி இருக்கிறது" என்று சொல்வது இந்தக் கோட்டைத்தான். மைனஸ் பக்கம் நன்றாக இறக்கிவிடுங்கள். வேண்டுமென்றால் எடிட்டில் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம், படத்தில் பதிவாகிவிட்ட கோட்டை அங்கே நீக்க முடியாது.

ஒளிபரப்பு நிறுவனங்கள் எதை எச்டி என்று ஒத்துக்கொண்டன என்று பார்த்தால் எல்லாம் ஒன்று சேர்ந்து விளங்கும். பிரிட்டனில் பிபிசி, ஐடிவி, சேனல் 4 எல்லாம் சேர்ந்து டிபிபி என்ற கூட்டமைப்பின் பெயரில் ஒரு தொழில்நுட்ப விதித் தொகுப்பு வெளியிட்டன. அதில் எச்டிவி எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் எச்டி இல்லை என்று தள்ளிவிட்டார்கள். பிரேம்களைக் கூட்டமாக அமுக்கும் கோடெக் என்றால் 50 மெகாபிட்டுக்குக் கீழே எச்டி இல்லை, தனித்தனி பிரேம் என்றால் 100-க்குக் கீழே இல்லை. சென்சார் 1/2 அங்குலத்துக்குக் கீழே இருந்தாலும் இல்லை. இப்படி எச்டி அல்லாதது ஒரு நிகழ்ச்சியில் 25 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 16 மில்லிமீட்டர் ஃபிலிமைக்கூட இந்தப் பட்டியலில் சேர்த்தார்கள். ஃபிலிமில் விவரம் இல்லாமல் இல்லை, அதன் குருணை ஒளிபரப்பின் குறைந்த பிட்டில் உடைந்துபோகும் என்பதால் சேர்த்தார்கள். கவனித்துப் பாருங்கள், இங்கே சொன்ன கேமராத் தடைகள் எல்லாமே சென்சார் அளவு, பிட்ரேட், கோடெக் இவற்றின் பெயரில்தான் வந்தன.

இந்த விதிப்படி உங்கள் பட்டியல் விசித்திரமாக நிற்கிறது. இஎக்ஸ்1 சென்சாரில் தேர்ச்சி, 1/2 அங்குலத்தில் மூன்று முழு 1920×1080 சென்சார், ஆனால் 35 மெகாபிட்டில் தோல்வி. எக்ஸ்எஃப்305 பிட்டில் தேர்ச்சி, 1/3 அங்குலத்தில் இடிக்கிறது. ஆனாலும் அதன் லென்ஸும் செயலாக்கமும் நன்றாக இருந்ததால் பிபிசி அந்தக் கேமராவை எச்டி தயாரிப்புக்கு ஏற்றுக்கொண்டது. இஎக்ஸ்1-ஐ வைத்திருந்தவர்கள் அதன் எச்டி-எஸ்டிஐ வாயிலிருந்து சுருக்காத 4:2:2 படத்தை வெளியே எடுத்து, நானோஃபிளாஷ் மாதிரியான தனி ரெக்கார்டரில் 50-க்கு மேல் பதிவு செய்து விதியைச் சந்தித்தார்கள். இன்றைக்கு அந்த வேலைக்கு வேறு சின்ன ரெக்கார்டர்கள் செகண்ட் ஹேண்டில் கிடைக்கின்றன.

ஆகவே என் பரிந்துரை. இசட்1-ஐ வாங்காதீர்கள், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும். 1440 என்பதற்காக இல்லை. 25 மெகாபிட், 960 பிக்சல் சென்சார், இன்டர்லேஸ், போதாததற்கு டேப்பிலிருந்து எடுக்க ஃபயர்வயர் உள்ள பழைய கணினி வேறு தேட வேண்டும். மேடை, இரவு நிகழ்ச்சி, உள்ளரங்கம் இவைதான் அதிகம் என்றால் இஎக்ஸ்1, அதன் சென்சாருக்காக. ஒன்றே ஒன்று, அதன் சென்சார் வரிவரியாகப் படிக்கும் சிமோஸ் வகை என்பதால் ஃபிளாஷ் அடித்தால் படத்தில் பாதி மட்டும் வெளுக்கும், புகைப்படக்காரர்கள் சூழ்ந்த நிகழ்ச்சிகளில் இது எரிச்சலூட்டும். எக்ஸ்எஃப்305-உம் சிமோஸ்தான், அதற்கும் இதே சங்கடம் உண்டு. பகலில் வெளிப்புறம், பயணம், பச்சைத் திரை, அல்லது தொலைக்காட்சிக்கு நேரடியாகக் கொடுக்கும் வேலை என்றால் எக்ஸ்எஃப்305, ஆனால் என்டி ஃபில்டர் பழக்கம் கட்டாயம்.

வாங்கும் முன் கேமராவை ஒரு மணி நேரம் கையில் வாங்கி, ட்ரைபாடில் வைத்து, டீடெயிலை இறக்கிவிட்டு, இலை அடர்ந்த ஒரு மரத்தை எடுங்கள். வைடில் ஒருமுறை, ஜூமின் கடைசி முனையில் ஒருமுறை, ஒவ்வொன்றையும் எஃப் 2.8, எஃப் 4, எஃப் 8 என்று. பிறகு பெரிய மானிட்டரில் மூலைகளைப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் மங்கினால் லென்ஸ் அடி வாங்கியிருக்கிறது, வேண்டாம். ஜூம் செய்துவிட்டு ஃபோகஸ் வைத்து வைடுக்கு வந்தால் ஃபோகஸ் நகர்கிறதா என்றும் பாருங்கள், நகர்ந்தால் பின்ஃபோகஸ், அதாவது லென்ஸுக்கும் சென்சாருக்கும் இடையிலான பொருத்தம், சரி செய்ய வேண்டியிருக்கும், அந்தச் செலவை விலையில் பேசிக் குறைத்துக்கொள்ளுங்கள். லென்ஸ் மூடியைப் போட்டு 12 டெசிபெல் கெய்னில் ஒரு நிமிடம் பதிவு செய்தால் செத்த பிக்சல்கள் நட்சத்திரம் மாதிரி தெரியும். இஎக்ஸ்1 என்றால் அதன் எஸ்எக்ஸ்எஸ் கார்டுகளையும் ரீடரையும் சேர்த்துக் கேளுங்கள், தனியாக வாங்கினால் விலை அதிகம்.